திரும்ப வேண்டிய இடத்தில் ஒலிக்கும் நினைவு

மறதி என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே குறை அன்று. நடந்து முடிந்ததை மீட்டெடுக்க முடியாமல் போவது ஒரு வகை. இனிமேல் செய்ய வேண்டியதை உரிய தருணத்தில் நினைக்கத் தவறுவது வேறொரு வகை. முதல் வகையில் யாரேனும் ஒருவர் கேள்வி கேட்கிறார், விடை தெரியவில்லை என்றாவது மறந்தவருக்குத் தெரிகிறது. இரண்டாம் வகையில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. மாலையில் வீடு திரும்பும் வழியில் மருந்து வாங்க வேண்டியவர் மருந்துக்கடையைக் கடக்கும் நொடியில் அவரை நிறுத்தி எதையும் கேட்பார் யாருமில்லை. இத்தகைய நினைவை உளவியலாளர்கள் எதிர்நோக்கு நினைவு எனப் பொருள்படும் தனிப்பெயரால் வழங்குகிறார்கள். அன்றாட வாழ்வில் மனிதரை அதிகம் இடறச் செய்வது பழைய செய்தியை மறக்கும் மறதியைவிட இந்த மறதிதான் எனலாம்.

எதிர்நோக்கு நினைவு எதைக் கொண்டு தூண்டப்படுகிறது என்பதைப் பொறுத்து அதை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ஐந்து மணிக்கு அடுப்பை அணைக்க வேண்டும் என்பது நேரத்தைச் சார்ந்தது. தபால்காரர் வந்தால் கடிதத்தைக் கொடுக்க வேண்டும் என்பது நிகழ்வைச் சார்ந்தது. அமெரிக்க உளவியலாளர்களான கில்ஸ் ஐன்ஸ்டைன், மார்க் மெக்டேனியல் ஆகிய இருவரும் 1990இல் வெளியிட்ட சோதனைகளில், நிகழ்வு சார்ந்த பணிகளை நினைவில் வைத்துச் செய்வதில் முதியவர்கள் இளையோருக்குப் பின்தங்கவில்லை என்பது தெரியவந்தது. அவர்கள் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1995இல் வெளியிட்ட சோதனைகளிலோ, நேரம் சார்ந்த பணிகளில் முதியவர்கள் பின்தங்கினர். இதற்கு அவர்கள் கூறும் காரணம் எளிமையானது. நேரம் கண்ணுக்குப் படும்படி வந்து நிற்பதில்லை, மனிதர்தான் தானே முனைந்து கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நிகழ்வோ கண்முன் வந்து நின்று தன்னையே நினைவூட்டலாக ஆக்கிக்கொள்கிறது. இடமும் இந்த வகையில் நிகழ்வைப் போன்றதே.

இதைத் தமிழ்நாட்டு வீடுகள் ஆய்வுகளுக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தன. மறுநாள் காலையில் எடுத்துச் செல்ல வேண்டிய பையை இரவே வாசற்படியில் சாய்த்து வைப்பது இடத்தையே நினைவூட்டலாக்கும் வழக்கம். மறக்கக் கூடாத ஒன்றுக்காக முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வது மற்றொரு வழக்கம். ஆனால் அந்த முடிச்சு, ஏதோ ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும், எது என்பதையும் எங்கே என்பதையும் சொல்லாது. கைப்பேசியில் உள்ள இடஞ்சார் நினைவூட்டல் என்னும் வசதி, வாசற்படியில் வைத்த பையையும் முந்தானை முடிச்சையும் ஒன்றாகச் சேர்த்துத் தெருவுக்குக் கொண்டுபோகும் முயற்சி என்று கொள்ளலாம். அலாரம் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு அந்த நேரத்தில் ஒலிப்பது போல, இது வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு கைப்பேசி அவ்விடத்தை அடையும்போதோ அவ்விடத்தை விட்டு நீங்கும்போதோ ஒலிக்கிறது.

எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இயங்கிய ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் 1989க்கும் 1992க்கும் இடையே உருவான ஒரு சட்டை வில்லை, பதினைந்து நொடிக்கு ஒருமுறை அகச்சிவப்புக் கதிரில் தன் அடையாளத்தை வெளியிட்டு, அணிந்தவர் கட்டடத்தின் எந்த அறையில் இருக்கிறார் என்பதை அறிவித்தது. தொலைபேசி அழைப்புகளை அவர் இருக்கும் அறைக்கே திருப்பிவிடுவது அதன் முதன்மையான பயன். ஜெராக்ஸ் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 1994இல் விவரிக்கப்பட்ட மற்றொரு கருவி, மறதிக்குத் துணை என்ற நோக்கத்தையே தன் பெயராகக் கொண்டிருந்தது. இவையெல்லாம் ஒரு கட்டடத்துக்குள் அடங்கியவை. தெருவுக்கு இந்த எண்ணம் இறங்கி வருவதற்கு ஜி.பி.எஸ். தேவைப்பட்டது, அந்த ஜி.பி.எஸ்., அமெரிக்க இராணுவம் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அகற்றிய பிறகே, ஏறத்தாழ நூறு மீட்டர் தடுமாற்றத்திலிருந்து விடுபட்டு ஒரு கடையை அடுத்த தெருவிலிருந்து பிரித்தறியும் அளவுக்குக் கூர்மை பெற்றது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வுக்கூடத்தில் நடாலியா மார்மாஸ், கிறிஸ் ஷ்மான்ட் இருவரும் உருவாக்கிய ஓர் அமைப்பு, ஜி.பி.எஸ். சமிக்ஞை ஒரே பகுதியில் மீண்டும் மீண்டும் அறுந்துபோவதைக் கவனித்து, அங்கே பயனர் வழக்கமாக நுழையும் கட்டடம் ஒன்று இருக்க வேண்டும் என ஊகித்து, அதற்கு ஒரு பெயர் இடும்படி அவரைக் கேட்டது. குறைபாட்டையே தகவலாக்கிய இந்த யுக்தி இத்துறையின் நுட்பமான யோசனைகளுள் ஒன்று.

பொதுமக்கள் கைக்கு இது பரவலாக வந்தது 2011 அக்டோபரில், ஐபோனின் ஐந்தாம் இயங்குதளப் பதிப்போடு வெளியான நினைவூட்டல் செயலியின் வழியாக. கூகுளின் கீப் என்ற குறிப்புச் செயலியில் 2013இலும், அடுத்தடுத்து வேறு பல செயலிகளிலும் இதே வசதி இடம்பெற்றது. ஆயினும் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கையிலேயே இருந்தும் இதைப் பலர் ஒருமுறை முயன்று, ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒலிக்கவில்லை என்று கைவிட்டிருப்பதே மிகுதி. அந்த ஏமாற்றத்துக்குக் கருவி பாதிக் காரணம். கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை அறியாமல் இடத்தைக் குறிப்பது மறுபாதி.

ஓர் இடத்தைக் குறிக்கும்போது கைப்பேசி அந்த இடத்தை ஒரு புள்ளியாக அன்றி, புள்ளியைச் சுற்றிய ஒரு வட்டமாகவே கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த வட்டத்தைத் தொழில்நுட்பத் துறையினர் புவிவேலி என்கிறார்கள். வேலியைத் தாண்டி உள்ளே வருவது ஒரு நிகழ்வு, வெளியே போவது இன்னொரு நிகழ்வு, உள்ளே வந்து சிறிது நேரம் தங்குவது மூன்றாவது. வேலி தாண்டப்பட்டதா என்பதைத் தெரிந்துகொள்ளக் கைப்பேசிக்கு மூன்று கண்கள் உண்டு. முதலாவது ஜி.பி.எஸ்.: ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களுள் குறைந்தது நான்கிலிருந்து வரும் சமிக்ஞைகளின் பயண நேரத்தைக் கணக்கிட்டு இடத்தை அறியும் முறை, திறந்த வானத்தின் கீழ் ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை துல்லியமானது, ஆனால் மின்கலத்தை விரைவாகக் குடிப்பது. இரண்டாவது வைஃபை: சுற்றுப்புறத்தில் கேட்கும் இணையத் திசைவிகளின் அடையாளங்களை, அவை எங்கெங்கே உள்ளன என்று முன்பே தொகுக்கப்பட்ட பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, இதன் துல்லியம் இருபது முதல் ஐம்பது மீட்டர். மூன்றாவது கைப்பேசிக் கோபுரம்: எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கிறோம் என்பதை மட்டும் சொல்வது, நகரத்தில் சில நூறு மீட்டரும் கிராமப்புறத்தில் சில கிலோமீட்டரும் தவறக்கூடியது, ஆனால் கைப்பேசி எப்படியும் கோபுரத்தோடு பேசிக்கொண்டே இருப்பதால் இதற்குத் தனிச் செலவு இல்லை.

நாள் முழுவதும் ஜி.பி.எஸ்.ஸை விழித்திருக்க வைத்தால் மாலைக்குள் மின்கலம் தீர்ந்துவிடும் என்பதால், கைப்பேசி பாதித் தூக்கத்தில் இருக்கும் காவலாளியைப் போலவே நடந்துகொள்கிறது: கோபுரம் மாறினால் ஒரு கண்ணைத் திறக்கிறது, வேலிக்கு அருகே வந்தது போலத் தோன்றினால்தான் இரண்டாவது கண்ணையும் திறக்கிறது. ஆண்ட்ராய்டு உருவாக்குநர்களுக்கான கூகுளின் வழிகாட்டி இதை மறைக்காமல் எழுதியிருக்கிறது. வட்டத்தின் ஆரம் குறைந்தது நூறு முதல் நூற்றைம்பது மீட்டராவது இருக்க வேண்டும் என்றும், செயலி பின்னணியில் இருக்கும்போது அறிவிப்பு வருவதற்குச் சராசரியாக இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம் என்றும், கைப்பேசி நெடுநேரம் அசையாமல் கிடந்திருந்தால் ஆறு நிமிடம் வரைகூட ஆகலாம் என்றும் அது கூறுகிறது. பயனருக்கு முக்கியமான எண்கள் இந்த மூன்றும்தான்.

இவற்றை ஒரு சாலையில் இறக்கிப் பார்த்தால் ஏமாற்றத்தின் காரணம் புலப்படும். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இருசக்கர வாகனத்தில் செல்பவர், நூறு மீட்டர் ஆரமுள்ள வட்டம் ஒன்றை அதன் நடுவழியாகக் கடந்து வெளியேறப் பதினெட்டு நொடி போதும். அறிவிப்போ இரண்டு நிமிடம் கழித்து வருகிறது. அதற்குள் அவர் கடையைத் தாண்டி ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர் போயிருப்பார். ஒருவழிச் சாலையும் நடுத்தடுப்பும் உள்ள நகரத்தில் அவர் திரும்பி வர வேண்டுமானால் அடுத்த திருப்பம் வரை போய், எதிர்ச்சாரியில் வந்து, மீண்டும் ஒருமுறை திரும்ப வேண்டும். பெரும்பாலானோர் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார்கள். மறதி நீங்கிவிட்டது, வேலை மட்டும் நடக்கவில்லை.

எனவே இடஞ்சார் நினைவூட்டலைப் பயன்படுத்துவோர் மாற்றிக்கொள்ள வேண்டிய முதல் எண்ணம், வேலை நடக்கும் இடத்தில்தான் வட்டம் போட வேண்டும் என்பது. வட்டம் விழ வேண்டியது கடையின் மேல் அன்று, கடைக்குப் போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கக்கூடிய கடைசி இடத்துக்கு முன்னால். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் இத்தகைய நினைவூட்டல்களைப் பயனர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது வந்த முடிவும் இதை ஒட்டியதே: ஓர் இடத்தைச் சுற்றி ஒரே அளவில் வட்டம் போடுவது போதாது, மனிதர் அப்பகுதியில் எந்த வழியாக நடமாடுகிறார் என்பதையும் அப்பகுதியின் நிலவமைப்பையும் பொறுத்தே எந்த இடத்தில் நினைவூட்டினால் பயன்படும் என்பது அமைகிறது என அவர்கள் கண்டார்கள்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டியில் மாலையில் வீடு திரும்பும் ஒருவர், ஒருநாள் மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவில் ஒரு பாத்திரம் வாங்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பழக்கம் அவரை வழக்கம்போல் தாம்பரம் வரை கொண்டுபோய்விடும். மாம்பலம் நிலையத்தில் வட்டம் போட்டால், தாமதத்தோடு ஒலிக்கும் அறிவிப்பு அவரைச் சைதாப்பேட்டைக்கு அருகே எழுப்பும். முந்தைய நிலையமான கோடம்பாக்கத்தில் போட்டாலும், இரண்டு நிலையங்களுக்கும் இடையே வண்டி எடுத்துக்கொள்வது சில நிமிடங்களே என்பதால், ஒலி கேட்கும்போது மாம்பலத்தின் நடைமேடை ஓடிக்கொண்டிருக்கலாம்; கூட்டத்தில் கதவருகே வர நேரம் இராது. நுங்கம்பாக்கத்தில் போட்டால்தான் கோடம்பாக்கத்துக்கு அருகே ஒலித்து, எழுந்து நகர்ந்து நிற்க அவகாசம் தரும். அதாவது மாம்பலத்தில் செய்ய வேண்டிய வேலைக்கான நினைவூட்டல் நுங்கம்பாக்கத்துக்கு உரியது. இதே கணக்கைப் பேருந்துக்கும் வாகனத்துக்கும் எவரும் போட்டுக்கொள்ளலாம்: இரண்டு மூன்று நிமிடத்தில் எவ்வளவு தூரம் கடக்கப்படுமோ அவ்வளவு தூரம் முன்னால் வட்டத்தின் விளிம்பு இருக்க வேண்டும். நடந்து செல்பவருக்கு அது இருநூறு மீட்டர்தான் என்பதால் அவர் கடையின் மேலேயே சற்றுப் பெரிய வட்டம் ஒன்றைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் நுங்கம்பாக்க வட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதே மனிதர் காலையில் வேலைக்குப் போகும்போதும் நுங்கம்பாக்கத்தைக் கடக்கிறார். வட்டத்துக்குத் திசை தெரியாது. காலை எட்டரை மணிக்கு, கடைகளே திறவாத வேளையில், பாத்திரம் வாங்கு என்று ஒலித்து, அவர் அதை விரலால் தள்ளிவிட, பணி முடிந்தது என்று கருதிக் கைப்பேசி மாலையில் வாய்மூடிக்கொள்ளும். இடத்தோடு நேரத்தையும் சேர்த்து, இந்த இடத்தில், இந்த மணிக்குப் பிறகு எனக் குறிக்க இடம்தரும் செயலி இருந்தால் அதுவே சிறந்தது. அது இல்லாதபோது மதிய உணவு வேளையில் நினைவூட்டலைப் பதிவதே எளிய மாற்று வழி.

இடம் என்று சொல்லும்போது மனிதர் உண்மையில் எதைக் குறிக்கிறார் என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த டிமதி சோனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பத்துப் பேர் இரண்டு வாரம் கைப்பேசியில் இத்தகைய நினைவூட்டல்களைப் பயன்படுத்தினர். இடத்தை அறியக் கைப்பேசிக் கோபுரங்களை மட்டுமே நம்பிய அந்த அமைப்பு மிகக் கரடுமுரடானது. இருந்தும் அவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள், ஏனெனில் கைப்பேசி எப்போதும் கூடவே இருந்தது. அதைவிடக் கவனிக்கத்தக்க முடிவு மற்றொன்று: பயனர்கள் இடத்தை இடத்துக்காக அன்றி, வேறொரு சூழலுக்கு ஈடாகவே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். வீட்டுக்குப் போனதும் என்று ஒருவர் குறிக்கும்போது அவர் வீட்டின் நில அளவைக் கருதவில்லை; ஓய்வாக உட்காரும்போது, மனைவியோ கணவரோ அருகில் இருக்கும்போது, கணினிக்கு முன் அமரும்போது என்பதையே கருதுகிறார். கைப்பேசிக்கு அது தெரியாது. இரண்டு கைகளிலும் காய்கறிப் பையோடு மாடிப்படியில் ஏறும்போது, காப்பீட்டுத் தொகையைக் கட்டு என்று அது ஒலித்தால், ஒலித்தது சரியான இடம், தவறான தருணம். இப்படிப்பட்ட வேலைகளுக்கு வீட்டு வட்டத்தைவிட இரவு ஒன்பது மணி அலாரம் மேலானது என்பதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

இதைவிடப் பெரிய தவறான பயன்பாடு, வீட்டை விட்டுக் கிளம்பும்போது நினைவூட்டு என்பதாகும். பலருக்கு முதலில் தோன்றும் பயன் இதுதான்: குடை, சாப்பாட்டுப் பாத்திரம், அடையாள அட்டை ஆகியவற்றை மறக்காமல் எடுத்துச் செல்ல. ஆனால் வெளியேறுதல் என்பது கைப்பேசிக்கு வாசற்படியைத் தாண்டுவது அன்று, நூறு மீட்டர் வட்டத்தின் விளிம்பைத் தாண்டுவது. அதன்மேல் அந்த இரண்டு மூன்று நிமிடத் தாமதம். குடை வீட்டில் இருக்கிறது என்னும் செய்தி, குடையை எடுக்க முடியாத தொலைவுக்கு வந்த பிறகே கிடைக்கும். இங்கே வாசற்படியில் சாய்த்து வைத்த பையை எந்தக் கைப்பேசியும் வெல்லப்போவதில்லை. கிளம்பும்போது ஒலிக்கும் நினைவூட்டல் பொருந்துவது, கிளம்பிய பிறகு செய்ய வேண்டிய வேலைகளுக்கு மட்டுமே: அலுவலகத்தை விட்டு நீங்கியதும் வீட்டுக்குப் போன் செய்து என்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்பது போல. கார் வைத்திருப்போருக்கு ஐபோனின் நினைவூட்டல் செயலி வேறொரு வழி தருகிறது. காரில் ஏறும்போது, காரிலிருந்து இறங்கும்போது என்று குறித்துவைத்தால், கைப்பேசி காரின் புளூடூத்தோடு இணைவதையும் பிரிவதையும் கொண்டே அது ஒலிக்கிறது, செயற்கைக்கோளுக்கு வேலையே இல்லை. கார் இன்னும் வீட்டு வாசலில் நிற்கும்போதே ஒலிப்பதால் குடைக்கும் அது உதவும்.

வட்டத்தைச் சரியான இடத்தில் போடுவதிலும் உள்ளூர்ச் சிக்கல்கள் உண்டு. சென்னையின் பல தெருக்களில் பழைய எண், புதிய எண் என ஒரு வீட்டுக்கே இரண்டு கதவிலக்கங்கள் உள்ளன. முகவரியைத் தட்டச்சு செய்தால் வரைபடம் எதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஒரே பெயரில் பல கிளைகள் கொண்ட கடையைத் தேடினால், ஊரின் மறுகோடியில் உள்ள கிளை தேர்வாகிவிடலாம். ஆகவே அந்த இடத்தில் நேரில் நிற்கும்போதே தற்போதைய இருப்பிடம் என்ற தெரிவைக் கொண்டு ஒருமுறை பதிந்து, பெயர் இட்டு வைத்துக்கொள்வதே நம்பகமானது. வட்டத்துக்கு உயரமும் தெரியாது. கீழ்த்தளத்தில் வங்கியும் மூன்றாம் தளத்தில் பணியிடமும் அமைந்த கட்டடத்தில் பணிபுரிபவருக்கு வங்கி வட்டம் தினமும் காலையில் ஒலிக்கும். நெருக்கமான கடைத்தெருவிலோ நூறு மீட்டர் ஆரத்துக்குள் நூற்றுக்கணக்கான கடைகள் அடங்கிவிடும். அங்கே வட்டம் தெருவை நினைவூட்டும், கடையை அன்று. அதனால் நினைவூட்டலின் வாசகத்தில் கடையின் பெயரையும் வாங்க வேண்டிய பொருளின் அளவையும் எழுதிவைப்பது அவசியம். எஃகு டிபன் கேரியர், மூன்றடுக்கு என்று எழுதப்பட்ட குறிப்பு வேலை செய்யும். பாத்திரம் என்று மட்டும் எழுதியது, முந்தானை முடிச்சின் பழைய குறைக்கே திரும்பிவிடும். இந்த இடத்தை அடைந்தால் இதைச் செய்வேன் என்று நிபந்தனையும் செயலும் இணைந்த வடிவில் வகுத்துக்கொள்ளும் எண்ணங்கள், பொதுவான தீர்மானங்களைவிட நிறைவேறும் வாய்ப்பு மிகுந்தவை என்பதை உளவியலாளர் பீட்டர் கால்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையில் விரிவாக எடுத்துரைத்தார். குறிப்பை எழுதும் செயலே மனத்தில் பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

அலாரத்துக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐந்து மணி எப்படியும் வரும். மருந்துக்கடைக்குப் போகும் வழியோ வராமல் போகலாம். அன்று வேறு பாதையில் போனால், கைப்பேசியை மேசையில் விட்டுவிட்டுப் போனால், மின்சேமிப்பு முறையில் கைப்பேசி பின்னணிச் செயலிகளை முடக்கிவிட்டால், இருப்பிட வசதியை யாரேனும் அணைத்திருந்தால், வட்டம் ஒலிக்காது. ஒலிக்கவில்லை என்ற செய்தியும் வராது. ஆண்ட்ராய்டில் கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கினால் பழைய வட்டங்களைச் செயலிதான் மறுபடி பதிவுசெய்ய வேண்டும். அக்கறையில்லாமல் எழுதப்பட்ட செயலி அதைச் செய்யாமல் விட்டுவிடும். மேலும் 2019இல் வந்த ஆண்ட்ராய்டு பத்தாம் பதிப்பு முதல், செயலி திறக்கப்படாதபோதும் இருப்பிடத்தை அறிவதற்குப் பயனர் தனியாக அனுமதி தர வேண்டும். ஐபோனில் 2020 முதல் துல்லியமான இருப்பிடம் என்பதற்குத் தனிப் பொத்தான் உள்ளது. இவற்றுள் ஏதேனும் ஒன்று அணைந்திருந்தாலும் புவிவேலி தடுமாறும் அல்லது செயலிழக்கும். ஆகையால் வேளை தவறாமல் உட்கொள்ள வேண்டிய மாத்திரை, கட்டணம் கட்டும் கடைசி நாள், தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கெடு ஆகியவற்றை இடத்தை மட்டும் நம்பி விடக் கூடாது. தவறினால் நாளை செய்துகொள்ளலாம் என்னும் வேலைகளுக்கே இது உரியது: தைக்கக் கொடுத்த துணி, நூலகத்துக்குத் திருப்ப வேண்டிய புத்தகம், செருப்புக்குத் தையல், நகல் எடுக்க வேண்டிய பத்திரம், சாவிக்கு மறுசாவி. அன்றாடத்தில் இத்தகைய சில்லறை வேலைகள்தாம் மனத்தை அதிகம் அரிக்கின்றன என்பதால் இந்த எல்லை பெரிய குறை அன்று.

வாகனம் ஓட்டும்போது அறிவிப்பு ஒலித்தால் கையில் எடுத்துப் பார்ப்பது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம் என்பதையும், ஓரமாக நிறுத்திப் பார்ப்பதற்கு வேண்டிய தூரத்தையும் சேர்த்தே வட்டம் போட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

வசதிக்கு விலையாகக் கொடுக்கப்படுவது இருப்பிடத் தகவல். வேலி தாண்டப்பட்டதா என்ற கணக்கைக் கைப்பேசி தனக்குள்ளேயே போட்டுக்கொள்ள முடியும் என்பது உண்மை. ஆனால் குறித்துவைத்த இடங்களின் பட்டியல் பெரும்பாலும் நிறுவனத்தின் சேமிப்பகத்தோடு ஒத்திசைக்கப்படுகிறது. அந்தப் பட்டியல் சிறியதாயினும் பேசக்கூடியது. பதினைந்து இலட்சம் பேரின் பதினைந்து மாதக் கைப்பேசித் தரவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, மணிக்கு ஒருமுறை, கோபுர அளவிலான துல்லியத்தில் பதிவான தரவிலேயே, எந்த நேரத்தில் எந்த இடம் என்ற நான்கு புள்ளிகள் தெரிந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைத் தனித்து அடையாளம் காட்டிவிடலாம் என்று காட்டியது. வீடு, பணியிடம், பிள்ளையின் பள்ளி, வாரந்தோறும் செல்லும் மருத்துவமனை என நினைவூட்டலுக்காக மனமுவந்து பெயரிட்டுத் தரப்படும் இடங்களோ இதைவிடத் தெளிவானவை. இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. பிணையில் வெளிவந்தவர் கூகுள் வரைபடத்தில் தம் இருப்பிடத்தை எப்போதும் காவல்துறைக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை அந்த உரிமையை மீறுவது என்று அதே நீதிமன்றம் 2024 ஜூலையில் கூறியது. நீதிமன்றம் காவல்துறைக்கே மறுத்த ஒன்றை, விளம்பரத்தால் வாழும் ஏதோ ஒரு பெயர் தெரியாத இலவசச் செயலிக்கு எப்போதும் அனுமதி என்று ஒரே தட்டலில் கொடுத்துவிடுவது பொருத்தமாகத் தோன்றவில்லை. கைப்பேசியோடு வந்த செயலியைப் பயன்படுத்துவதும், மற்றவற்றுக்குச் செயலி திறந்திருக்கும்போது மட்டும் என்ற அனுமதியோடு நிறுத்திக்கொள்வதும் போதுமான எச்சரிக்கை. குடும்பத்தில் பலர் கையாளும் கைப்பேசியில் மற்றோர் ஆபத்து அருகிலேயே இருக்கிறது: பூட்டிய திரையிலேயே அறிவிப்பின் வாசகம் தெரிந்துவிடும் என்பதால், பரிசோதனை முடிவு வாங்கு என்பது போன்ற குறிப்புகளைப் பிறர் படிக்க நேரும். பூட்டிய திரையில் உள்ளடக்கத்தை மறைக்கும் தெரிவு எல்லாக் கைப்பேசிகளிலும் உண்டு.

நிறுவனங்களின் போக்கும் நம்பத்தக்கதாக இல்லை. கூகுள் தன் குரல்வழி உதவியாளரில் இருந்த நினைவூட்டல்களை 2023இல் டாஸ்க்ஸ் என்னும் செயலிக்கு மாற்றியபோது, இடஞ்சார் நினைவூட்டல் அங்கே வந்து சேரவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் கோர்ட்டானா, இடத்தை மட்டுமன்றி ஆளையும் கொண்டு நினைவூட்டியது. குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து அழைப்பு வரும்போது அவரிடம் கேட்க வேண்டியதை எடுத்துச் சொன்ன அந்த அருமையான வசதி, 2021இல் கைப்பேசிகளில் கோர்ட்டானா நிறுத்தப்பட்டபோது அதனோடு போயிற்று. ஐபோனில் ஒருவருக்குக் குறுஞ்செய்தி எழுதும்போது நினைவூட்டும் வசதி 2019 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு வைத்திருப்போர் தம் கைப்பேசி நிறுவனம் தந்த நினைவூட்டல் செயலியில் இடம் என்ற தெரிவு இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டுப் பிறகே வேறு செயலியைத் தேடுவது நல்லது.

ஆண்ட்ராய்டு ஒரு செயலிக்கு நூறு வட்டங்களையும் ஐபோன் இருபது வட்டங்களையும் கண்காணிக்க இடம் தருகின்றன. ஒரு வீட்டின் வேலைகளுக்கு நான்கைந்து தாராளம். அவற்றுள் முதலாவதை, என்றோ ஒருநாள் போகும் இடத்தில் போடாமல், வாரத்தில் மூன்று நான்கு நாளாவது எப்படியும் கடந்து போகும் ஒரு திருப்பத்தில் போட்டு, எந்த இடத்துக்கு வந்தபோது ஒலிக்கிறது என்பதை இரண்டு மூன்று முறை கவனித்து, அந்தத் தூரத்துக்கு ஏற்ப மற்ற வட்டங்களை முன்னோ பின்னோ நகர்த்திக்கொள்ள வேண்டும்.